சிங்காரத்தை யாரும் கேட்கவில்லை

டிசம்பர் 9, 1916. சனி

காலையிலிருந்து மழை. என் பெண்டாட்டி தையல் வாசலில் வைத்த கார்த்திகை விளக்குகளில் எல்லாம் தண்ணீர். எடுத்துக் கவிழ்க்கச் சொல்லியிருந்தாள், மறந்துவிட்டேன். வாங்கிக் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன், கட்டுப் போடும் டிரஸ்ஸர் வேலைக்கு.

வார்டில் புண்ணுக்கு வைக்கும் லிண்ட் துணி தீர்ந்துவிட்டது. அயோடின் புட்டியின் அடியில்தான் மிச்சம். ஸ்டோர்க்காரனைக் கேட்டால் ஜெர்மன் சண்டை என்கிறான். எது இல்லையென்றாலும் சண்டைதான் காரணம். அவன் டியூட்டியில் இரண்டு வேளை தூங்குவதற்கும் சண்டைதான் காரணம் போல.

இங்கிலீஷ் பேப்பரில் தந்திச் செய்தி. லண்டனில் பெரிய மந்திரி விலகிவிட்டார். வேறொருவர் வந்துவிட்டார். கட்டு மாற்றிக்கொண்டே வார்டுக்குத் தமிழில் சொன்னேன். இவர்கள் எல்லாம் துருக்கியோடு சண்டை நடக்கும் பஸ்ராவிலிருந்து உடம்பு கெட்டுத் திரும்பிய நம் ஆட்கள், ரயில் பாதை போடும் படை. காக்கி, நம்பர், சலாம், தண்டனை எல்லாம் சிப்பாய்க்கு உள்ளதே. துப்பாக்கி மட்டும் கிடையாது.

அவர்களில் ஒருவன் என் தம்பி சிங்காரம். ஆகஸ்டில் கப்பலிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தார்கள். சீதபேதி, காய்ச்சல். விலா எலும்பை எண்ணிவிடலாம். இப்போது தேறிவிட்டான். ஊரில் எல்லாரும் தம்பி தேற வேண்டும் என்று சாமி கும்பிடுவார்கள். நான் அவன் கொஞ்சம் இருமினால் சந்தோஷப்படுகிறேன். தேறினால் திரும்ப அனுப்பிவிடுவார்கள்.

செய்தியைக் கேட்டதும் காதர் மஸ்தான்தான் முதலில் வாயைத் திறந்தார். இதே பினாங்கு ஆள், படையில் சமையல், இடது கண்ணைக் குண்டுச் சிதறலுக்குக் கொடுத்துவிட்டு வந்தவர். “மாத்துனாங்களா? யாரக் கேட்டு மாத்துனாங்க டிரஸ்ஸர் அண்ணே? நம்மள ஒருத்தரும் கேக்கலயே” என்றார். வார்டே சிரித்தது. சிங்காரம் சிரிக்கவில்லை. பேப்பரை வாங்கி, படிக்கத் தெரியாத எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

டிசம்பர் 10, ஞாயிறு

மழை விட்டது. புழுக்கம். ஞாயிறு என்றும் பாராமல் டியூட்டி.

வார்டில் இன்றும் அதே பேச்சு. யார் பெரிய மந்திரியாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு கட்டிலிலிருந்தும் ஒரு தீர்ப்பு. படுத்தபடியே ராஜ்ஜியம் நடத்துகிறார்கள்.

காதருக்கு, நம் சோற்றைத் தின்று பார்த்தவன்தான் தலைவன். பஸ்ரா மாவில் புழு பொறுக்கிய கதையை மறுபடி சொன்னார். ஒரு வாரம் அந்த ரொட்டியைத் தின்னச் சொல்லி, தின்றுவிட்டு எழுந்து நிற்கிறவனை உட்கார வைக்க வேண்டுமாம். மூலைக் கட்டில் கிழவர், நடுவில் ஆளை மாற்றியதே தப்பு, முதல் ஆள் போட்ட கணக்கு இரண்டாம் ஆளுக்கு எப்படித் தெரியும் என்றார். இன்னொருவன், புது மந்திரிக்குச் சண்டையில் மகன் உண்டா என்று என்னைக் கேட்டான். எனக்கென்ன தெரியும்.

மாலையில் ஹவில்தார் வந்தார். மதராஸ்காரர், பாலமும் பாதையும் போடும் சப்பர் பட்டாளம். தேறியவர்களைத் திரும்பக் கூட்டிப்போவது இவர் வேலை. நல்ல மனிதர், ஆனாலும் அவர் பூட்ஸ் சத்தம் கேட்டால் சிங்காரத்தின் கட்டிலை மறைத்துக்கொண்டு போய் நிற்பேன். அவரிடமும் கேட்டார்கள். நமக்கு ராஜா ஒருவர்தான், கீழே யார் வந்தால் என்ன, சிப்பாயைக் கேட்டுக்கொண்டு தலைவனை வைக்க ஆரம்பித்தால் சண்டையே நடக்காது என்றார்.

“அதுக்குத்தானே ஹவில்தார் கேக்கச் சொல்றோம்” என்றார் காதர். ஹவில்தாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, மீசையைத் தடவி மறைத்தார்.

வெள்ளைக்காரர் வார்டில் கால் முறிந்த சார்ஜன்டுக்குக் கட்டு. அவரிடமும் பேச்சுக் கொடுத்தேன். புது ஆள் சண்டையை முடிக்கிற ஆள், அவரே நல்லவர் என்றார். ஓட்டுப் போட்டீர்களா என்றேன். எலெக்‌ஷனே நடக்கவில்லை, நடந்தாலும் வாடகை அறையில் இருந்த தனக்கு ஊரில் ஓட்டுக் கிடையாது என்றார். அவருக்கே இல்லையாம்! எங்கள் வார்டில் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

டிசம்பர் 12, செவ்வாய்

மிலிட்டரி டாக்டர் வந்து பார்த்தார். சிங்காரத்தின் வயிற்றை அமுக்கினார், நாக்கை நீட்டச் சொன்னார். தகுதி. ஒரே வார்த்தை. இன்னும் மெலிவுதான், இரவில் வியர்க்கிறது என்று நான் குறுக்கே விழுந்தேன். டிரஸ்ஸர் டிரஸ்ஸர் வேலையைப் பார்க்கலாம் என்றார். சனிக்கிழமை காலை துறைமுகக் கொட்டகையில் ஆஜர். அடுத்த வெள்ளி கப்பல்.

அம்மா சாகும்போது அவனுக்கு மூன்று வயது. நான்தான் குளிப்பாட்டி, சோறு ஊட்டி வளர்த்தேன். படிக்க வைக்க முடியவில்லை. அக்கரையில் சிம்பாங் அம்பாட் பக்கம் கித்தாத் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டப் போனான். அங்கிருந்து பஸ்ரா. போகாதே என்று அப்போதே சொன்னேன். கேட்டானா?

இன்று அவன் சொன்னதை எழுதி வைக்கிறேன், இல்லாவிட்டால் நானே நம்ப மாட்டேன். அவன் திரும்பப் போக வேண்டியதில்லையாம். தோட்டத்தில் கங்காணி மாறினால் புதுக் கங்காணி கூலிகள் குடியிருக்கும் லயத்துக்கு வந்து வாசல் வாசலாக வெற்றிலை பாக்கு வைத்துக் கேட்க வேண்டும். எடுத்தவன் நிற்கலாம், எடுக்காதவன் மூட்டை கட்டலாம். பழைய கங்காணிக்குக் கொடுத்த வாக்கு அவனோடு போயிற்று. அவர்கள் தோட்டத்தில் அதுதான் வழக்கம், துரையே தலையிட மாட்டார்.

“என்னக் கேட்டப்ப வர்றேன்னு சொன்னேன் அண்ணே. அடிச்சு இழுத்துட்டுப் போகல. ஆனா கேட்ட பெரியவரு போயிட்டாருல்ல. இப்ப வந்தவரு கேக்கட்டும்.”

சண்டை முடியும்வரை என்று நீ கைநாட்டு வைத்திருக்கிறாய், மந்திரி மாறினால் அது மாறாது என்றேன். கங்காணி காகிதத்திலும் அப்படித்தான் எழுதியிருக்கும் என்கிறான். பெரிய மந்திரி என்பவர் கங்காணி இல்லையடா என்றேன். அவரும் ஆள் சேர்க்கிறவர்தான், வேலை ஏவுகிறவர், நாம் செத்தால் கணக்குக் கொடுக்கிறவர். வேறென்ன அண்ணே கங்காணி என்றான். நாடி பார்க்கிற சாக்கில் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். படித்தவன் என்று பேர்.

டிசம்பர் 14, வியாழன்

வெயில். சிங்காரத்துக்கு ஒருநாள் லீவு. டத்தோ கிராமாட் பக்கம் உள்ள நம் வீட்டுக்கு அழைத்து வந்தேன்.

பாசார்க் கடைகளில் வாங்கியது: சுறாமீன், முருங்கைக்கீரை, சின்ன வெங்காயம், தையலுக்குப் பாக்கு.

சுறாப்புட்டு. மூன்று தரம் போட்டுத் தின்றான். பஸ்ராவில் மாரி என்றொரு சிநேகிதனாம், இவன் தோட்டத்து ஆள். சுறாப்புட்டு என்று சொல்லிச் சொல்லியே காய்ந்த ரொட்டியைத் தின்பார்களாம். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கியது. தையல் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போகும்போது ஹவில்தார் எதிரில் வந்தார். இவன் நேராகப் போய், புது மந்திரியிடமிருந்து ஆள் வந்ததா, எங்களைக் கேட்கச் சொன்னாரா என்று கேட்டான். கேலி என்று நினைத்து ஹவில்தார் அவன் தோளில் தட்டினார். நானும் சிரித்து வைத்தேன். அவன் கேலி செய்யவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் கொட்டகையில் ஆஜர் ஆகிறபோது வழிக்கு வந்துவிடுவான் என்று நினைக்கிறேன்.

டிசம்பர் 16, சனி

ஆஜர் ஆகவில்லை.

காலையில் வார்டில் ஒவ்வொரு கட்டிலாகப் போய் “போய்ட்டு வர்றேன்” சொல்லியிருக்கிறான். காதருக்கு வெற்றிலை மடித்துக் கொடுத்திருக்கிறான். மற்றவர்கள் கொட்டகைக்குப் போகிறான் என்று நினைத்தார்கள். காக்கியை மடித்துக் கட்டிலில் வைத்துவிட்டு, வேட்டியைக் கட்டிக்கொண்டு, படகேறி அக்கரை போய்விட்டான். பட்டப்பகலில்.

ஹவில்தார் வீட்டுக்கே வந்தார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. இது ஓடிப்போனது ஆகும், சண்டைக் காலத்தில் இதற்கு என்ன தண்டனை என்று தெரியுமா என்றார். தெரியும். போன வருஷம் சிங்கப்பூரில் கலகம் செய்த சிப்பாய்களைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டதை இந்த ஊரில் பேசாத வாய் கிடையாது. இவன் கலகம் செய்யவில்லையே என்றேன். அதை எழுதுகிறவர்கள் எழுதுவார்கள் என்றார்.

தையல் தண்ணீர்மலைக் கோயிலுக்கு நேர்ந்துகொண்டாள். மந்திரி மாறிய செய்தி வந்த பேப்பரை நான் அடுப்பில் போட்டேன்.

டிசம்பர் 18, திங்கள்

பிடித்துவிட்டார்கள். பிடித்தார்கள் என்பதும் சரியில்லை. மாத்தாமாத்தாப் போலீஸ்காரர் இருவர் தோட்டத்துக்குப் போயிருக்கிறார்கள். பெயர் கேட்டதும் பால் வாளியை ஓரமாக வைத்துவிட்டு நான்தான் என்று வந்திருக்கிறான். எங்கே வேலையை விட்டானோ அதே மரங்கள். இரண்டு நாள் பால் வெட்டியிருக்கிறான்.

கையில் விலங்கோடு துறைமுகத்திலிருந்து நடத்திக்கொண்டு வந்ததைக் காதரின் தம்பி மகன் பார்த்திருக்கிறான். நாளை விசாரணை. விசாரிக்கிற வெள்ளைக்காரக் கேப்டனுக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்க்கிற துபாஷி சிங்கப்பூர் போயிருக்கிறார். ஆஸ்பத்திரி டிரஸ்ஸருக்கு இரண்டும் தெரியுமே என்று ஹவில்தார்தான் என் பெயரைச் சொல்லியிருக்கிறார். உதவி செய்கிறார். சொந்தத் தம்பி என்பதைக் கேப்டனிடம் சொல்லவில்லை.

என்ன ஆனாலும் அவனைச் சுட விடமாட்டேன். சாமி சத்தியம்.

டிசம்பர் 19, செவ்வாய்

நிதானமாக எழுத வேண்டும்.

கொட்டகையில் ஒரு மேசை. கேப்டன், இளவயசு, மூக்கு வெயிலில் உரிந்திருந்தது. ஹவில்தார் ஒரு பக்கம். சிங்காரத்தின் மணிக்கட்டில் விலங்கு பட்டுச் சிவந்திருந்தது. பார்த்ததும் என்னை அறியாமல் அயோடின் புட்டியைத் தேடினேன்.

சனிக்கிழமை ஆஜர் ஆக வேண்டும் என்று தெரியுமா என்று கேப்டன் கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

“நல்லா தெரியும் தொரை. நான் ஓடல. ஓடுறவன் பகல்ல சொல்லிட்டுப் போவானா? என்னக் கூப்புட்ட பெரியவரு போயிட்டாரு. புதுசா வந்தவரு என்ன ஒரு வார்த்த கேக்கல. கேக்கட்டும், அப்பறம் சொல்றேன்.”

ஹவில்தாருக்குத் தமிழ் தெரியும். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் இங்கிலீஷில் சொன்னது: காய்ச்சல் மறுபடி வந்துவிட்டது, கிழமை தெரியவில்லை, தலை குழம்பிப் பழைய இடத்துக்குப் போய்விட்டான், வருத்தப்படுகிறான். ஆஸ்பத்திரியில் நானே அவனுக்கு மருந்து கொடுத்திருக்கிறேன், இந்தக் காய்ச்சல் அப்படிச் செய்யும் என்று சேர்த்துக்கொண்டேன். கேப்டன் தலையை ஆட்டினார். அவருக்கும் ஒரு தரம் வந்ததாம். ஹவில்தாரைப் பார்த்தார். அவர் குனிந்து மேசைக் காகிதங்களை அடுக்கினார்.

பிறகு, வெள்ளிக்கிழமை கப்பலில் தொந்தரவு இல்லாமல் வருவானா என்று கேட்கச் சொன்னார். வெள்ளிக்கிழமை கப்பல்ல வர்றியான்னு கேக்குறாரு என்றேன்.

“யாரு கேக்குறா? இவரா, அந்தப் பெரியவரா?”

இவன் மறுபடி வரமாட்டேன் என்றால் காய்ச்சல் கதையும் போய்விடும். சிங்கப்பூர்ச் சுவர்தான் கண்முன் நின்றது.

“பெரியவரு கேக்கச் சொல்லியிருக்காரு. அவருக்காக இவரு கேக்குறாரு” என்றேன்.

அவன் முகம் மாறியதை நான் எப்படி எழுதுவேன். நிமிர்ந்து நின்றான். வேட்டியை இழுத்துச் சரிசெய்தான், விலங்கோடு. “அப்ப சரி. வர்றேன்னு சொல்லுங்க அண்ணே. அங்க மாரி கெடக்குறான், மத்தவனுங்க கெடக்குறானுங்க. அவனுங்கள விட்டுட்டு எனக்கு மட்டும் இங்க என்ன சொகம். கேட்டாப் போதும்னுதான் இருந்தேன்.”

வருகிறான் என்று கேப்டனிடம் சொன்னேன். அது மட்டும்தான் நான் இன்று உண்மையாக மொழிபெயர்த்தது.

விலங்கைக் கழற்றினார்கள். சலாம் வைத்தான், நன்றாக, பழகியவன் போல. கேப்டன் காகிதத்தில் கையெழுத்துப் போட்டு எழுந்தார். எனக்குக் கை கொடுத்தார். நல்ல வேளை காய்ச்சல் என்று தெரிந்தது, தெரிந்தே வரமாட்டேன் என்று சொல்லியிருந்தால் இந்த ஊர் ஜெயிலில் இரண்டு வருஷம் போடுவதைத் தவிர தனக்கு வேறு வழி இருந்திருக்காது என்றார்.

சுடமாட்டீர்களா என்று கேட்டேன். அவர் சிரித்தார். ரயில் பாதை போடுகிறவனையா, யார் சொன்னது என்றார்.

உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். வெளியே சிங்காரம் நடந்து போவது தெரிந்தது. கேப்டன் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

டிசம்பர் 20, புதன்

தூக்கமில்லை. வேலையில் ஒருவனுக்கு வலது காலுக்குப் பதில் இடது காலைப் பிரிக்க ஆரம்பித்தேன்.

ஹவில்தாரைத் தேடிப் போனேன். கேப்டனிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், என்னை ஜெயிலில் போட்டாலும் சரி, அவனையும் போடட்டும், அங்கேயாவது உயிரோடு இருப்பான் என்றேன். அவர் பீடியை அணைத்தார். தாராளமாகச் சொல்லு, ஆனால் முதலில் அவனிடம் சொல்லிவிட்டு வா என்றார்.

“அவன் ஆசையாப் போறான். யாரும் கேக்கல, கேட்டதா நான்தான் பொய் சொன்னேன்னு அவன்கிட்ட சொல்லு. அத சொல்லிட்டு வா, நானே ஒன்ன கேப்டன்கிட்ட இட்டுனு போறேன்.”

அவர் முன்பு சொன்னது நினைவு வந்தது, சிப்பாயைக் கேட்டால் சண்டை நடக்காது என்று. அதைச் சொல்லிக் காட்டினேன். இருபது வருஷ சர்வீஸில் தன்னை ஒருவரும் ஒரு தரம்கூடக் கேட்டதில்லை, கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை என்றார்.

டிசம்பர் 21, வியாழன்

சொல்லத்தான் போனேன். வழியெல்லாம் வார்த்தை கூட்டிக்கொண்டு போனேன்.

காதரைப் பார்த்துவிட்டு வர அவனுக்கு ஒரு மணி நேரம் அனுமதி. சிங்காரம் காதரின் கட்டிலில் உட்கார்ந்து பூட்ஸுக்குக் கறுப்பு போட்டுக்கொண்டிருந்தான். வார்டு முழுக்கச் சுற்றிலும். பெரியவர் எப்படிக் கேட்டு அனுப்பினார், கேப்டன் எப்படி எழுந்து நின்று கேட்டார் (எழுந்து நிற்கவில்லை), தான் என்ன சொன்னான் என்று மூன்றாம் தரமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். மூலைக் கட்டில் கிழவர்கூட, அப்படியென்றால் இந்தப் புது ஆள் பரவாயில்லை, நடுவில் மாற்றினாலும் நல்ல ஆளாகத்தான் மாற்றியிருக்கிறார்கள் என்றார்.

காதர் தன் ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

சிங்காரம் என்னைத் தனியே அழைத்துப் போனான். “அண்ணே, நான் சொன்னத அப்படியே சொன்னீங்கல்ல? ஒண்ணும் விடலல்ல?”

அப்படியே சொன்னேன் என்றேன்.

“எனக்குத் தெரியும். நீங்க இல்லன்னா எவனாச்சும் மாத்திச் சொல்லியிருப்பான்.”

பாவி நான். அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். அவன் என்னை அடித்திருக்கலாம், காறித் துப்பியிருக்கலாம், ஜெயிலுக்குப் போயிருக்கலாம். அவன் முகத்தில் இருந்ததை என் கையால் எடுக்க முடியவில்லை. கருணை என்று சொல்லிக்கொள்ளலாம். கோழைத்தனம் என்றுதான் தோன்றுகிறது.

டிசம்பர் 22, வெள்ளி

கப்பல் காலையில் கிளம்பியது. தெளிந்த வானம். மழையாவது பெய்திருக்கலாம்.

தையல் கொடுத்தது: மாங்காய் ஊறுகாய், கருவாட்டுப் பொடி, நெற்றிக்குத் திருநீறு, கம்பளி ஒன்று. மாரிக்கும் சேர்த்து என்று சொல்லிக் கொடுத்தாள். வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு அண்ணி அழாதீங்க என்றான். அவள் அழவில்லை. நான்தான்.

வரிசையில் நின்றவர்களில் ஒருவன், உன்னை மட்டும் கேட்டார்களே, எங்களை ஏன் கேட்கவில்லை என்று சிங்காரத்திடம் கேட்டான். அவன் தயங்கவே இல்லை. ஒருத்தனைக் கேட்டால் எல்லாரையும் கேட்ட மாதிரிதான், நான் எல்லாருக்கும் சேர்த்துத்தான் சொன்னேன் என்றான். அவர்களும் அதை ஒப்புக்கொண்டு ஏறினார்கள். என் பொய்யை ஒரு கப்பல் ஆட்கள் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

ஹவில்தார் கடைசியாக ஏறினார். என் பக்கம் திரும்பி, அவனைப் பார்த்துக்கொள்கிறேன் என்பது போலத் தலையை அசைத்தார். ஏணியை எடுத்துவிட்டார்கள். சிங்காரம் எங்கே நிற்கிறான் என்று பார்ப்பதற்குள் எல்லாக் காக்கியும் ஒன்றாகிவிட்டது.

டிசம்பர் 25, திங்கள்

கிறிஸ்துமஸ். சார்ஜன்ட் கேக் கொடுத்தார். தையல் தொடவில்லை.

அவன் தானாகப் போனானா, அனுப்பினார்களா என்று இன்று கேட்டாள். தானாகப் போனான் என்றேன். அவளிடமும் பொய். பொய்யா என்றே தெரியவில்லை.

காதருக்குக் கட்டு மாற்றும்போது சொல்லிவிட்டேன், எல்லாவற்றையும். தெரியும் அண்ணே, இத்தனை கூலிகளில் ஒருத்தனைப் பேர் சொல்லிக் கேட்கிற மந்திரி இந்தப் பூமியில் எங்கே இருக்கிறான் என்றார். பிறகு மெதுவாக, உங்களுக்குப் பதில் நான் நின்றிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன் என்றார். ஆறுதலுக்குச் சொல்கிறார். ஆறவில்லை.

ஜனவரி 3, 1917. புதன்

தூறல். லிண்ட் வந்துவிட்டது, ஒரு பெட்டி. அயோடின் இன்னும் இல்லை.

பஸ்ரா போய்ச் சேர்ந்த தகவல் ஒன்றும் இல்லை. அதற்குள் வராது.

கேப்டன் சொன்ன ஜெயிலைப் பார்க்க மனமில்லாமல் இத்தனை நாள் சுற்றிக்கொண்டு போனவன் இன்று நேரமாகிவிட்டது என்று ஜெயில் ரோடு வழியாக நடந்தேன். கைதிகளை வெளியே விட்டு மதிலோரம் புல் செதுக்க விட்டிருந்தார்கள். அதில் நம் ஆள் ஒருவன், சிங்காரத்தின் வயசு இருக்கும். எதிர்ப்பக்கம் சாக்கடைக் கட்டையில் ஒரு பெண், கைப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவனையே பார்த்தபடி நின்றாள். பேச விடமாட்டார்கள். வார்டன் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தான். அவன் இரண்டு செதுக்குக்கு ஒரு தரம் நிமிர்ந்து பிள்ளையைப் பார்த்தான். சிரித்தான்.

குடையை மடக்கிக்கொண்டு அவள் பக்கத்திலேயே கொஞ்ச நேரம் நின்றேன். உங்க ஆளும் உள்ள இருக்காங்களா அண்ணே என்று கேட்டாள்.

இல்லம்மா என்றேன்.